ஏந்திரத்துக்கு ஒரு சாண் பனை

யாழ்ப்பாணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்கள் கோயில் காண வருவார்கள். இல்லையேல் திருமணப் பட்டு எடுக்க வருவார்கள். நான் ஓர் ஏந்திரம் பார்க்க வந்தேன். தானியத்தைத் திரித்து மாவாக்கும் இரு வட்டக் கற்கள். எங்கள் பக்கத்தில் அதனைத் திரிகை என்போம். வானூர்தி நிலையத்தில் வருகையின் நோக்கத்தைக் கேட்ட அலுவலரிடம் இதனை உள்ளபடியே கூறினேன். அவர் என் முகத்தையும் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கோயிலுன்னு போட்டுக்கறேன் சார்" என்றார்.

தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றபின் பழைய சமையற் கருவிகளின் வரலாற்றை எழுதிவருகிறேன். அம்மி முடிந்தது; உரல் முடிந்தது; தேங்காய் துருவும் திருவலைக்கு ஒரு முழு இயல் கொடுத்தாயிற்று. திரிகையில் வந்து நின்றுவிட்டேன். அந்நிலையில் காஞ்சிபுரத்து நெசவாளர் ஏகாம்பரம் தொலைபேசியில் அழைத்தார். முன்னொரு முறை என் மகளுக்குச் சேலை நெய்து தந்த வகையில் பழக்கமானவர். தென்னேரிப் பக்கத்துச் சமணக் குடும்பம் ஒன்றின் வீட்டில், தனக்கென்று ஒரு மயிற்பீலித் தூரிகையோடு ஓர் ஏந்திரம் இருப்பதாகவும், தம் மனைவி காமாட்சி அந்த வீட்டு விருந்துக்குச் சமைக்கப் போவதாகவும் சொன்னார். கல்லுக்குத் தூரிகை எதற்கு? அந்த ஐயமே என்னைக் கிளப்பியது.

பேருந்திலிருந்து இறங்கியதும் மக்கள் 'ஷேர் ஆட்டோ' என்றழைக்கும் பகிர்வுத் தானியில் ஏறினேன். மூவர் அமரும் இடத்தில் ஐவர் இருந்தோம். என் ஊன்றுகோலை எப்பக்கம் சாய்த்தாலும் யாரோ ஒருவர் மேல் பட்டது. எங்களூர்த் தச்சர் கடைந்து தந்த, வைரமேறிய பனங்கழி அது. எதிரிலிருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டனர். சென்னையில் கல்வி பயின்ற காலத்து அறைத் தோழரின் புண்ணியத்தில் அம்மொழி எனக்குச் சற்று விளங்கும். "பெரியவரைவிட அவர் தடிக்குத்தான் அதிக இடம் வேண்டியிருக்கிறது. அதற்கும் தனியாகக் காசு வாங்கச் சொல்லு" என்றாள் ஒருத்தி. "அது பாதிக் கட்டணம்தான் அம்மா, குழந்தை மாதிரி மடியில் வருகிறது" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். தானி முழுவதும் சிரித்தது. இறங்கும்போது அவளே ஊன்றுகோலை வாங்கிப் பிடித்து, நான் இறங்கியபின் என் கையில் கொடுத்தாள்.

ஏகாம்பரத்தின் வீட்டில் நுழைந்தால் முதலில் தறி. அதனைச் சுற்றிக்கொண்டு போனால் அடுக்களை. காமாட்சி தரையில் ஒரு காலை நீட்டி அமர்ந்து அரிவாள்மணையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். அரியும் அலகின் நுனியிலேயே துருவும் பற்கள் அமைந்திருந்தன. எங்கள் வீடுகளில் அரிவாள் வேறு, திருவலை வேறு. திருவலைக்கு அமர்ந்து துருவத் தனிப் பலகையும் உண்டு. காஞ்சிபுரத்தார் இரு வேலைகளையும் ஒரு கருவியின் கழுத்திலேயே கட்டிவிட்டனர். நான் குனிந்து பற்களைத் தொட்டுப் பார்த்தபோது காமாட்சி பதறிவிட்டார்.

"கைய எடுங்க ஐயா. தேங்காயோட வெரலையும் சேத்துத் துருவிட்டா சட்னிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"பயப்பிடாதை பிள்ளை, பாத்துத்தான் தொடுறன்" என்றேன்.

நெய்பவர் காலை இறக்கி அமரும் தறிக்குழியிலிருந்து ஏகாம்பரத்தின் குரல் வந்தது: "கேட்டுக்கினியா? இந்த வயசுல உன்ன பிள்ளைன்றாரு. நாளைக்கு இஸ்கூலுக்குப் போ."

காமாட்சியும் தறியில் வளர்ந்தவர்தான். ஓராண்டாக முழங்கால் மடங்க மறுக்கிறது. "குழில எறங்கினா ஏத்தி உட ஒரு ஆளு வேணும்" என்றார். "அந்த ஆளு நான்தான். கூலி இல்லாத ஆளு" என்றார் கணவர். மருத்துவர் தறியை விடச் சொல்லிவிட்டார். ஆனால் தறி இரண்டு பேரின் உழைப்பில் ஓடிய வீடு அது. ஆகவே அவர் கைவசமிருந்த இன்னொரு வித்தையைக் கையிலெடுத்தார்: குடலை இட்டலி. மூங்கிற் குடலைக்குள் மந்தாரை இலை பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் கலந்த மாவை ஊற்றி, நெடுநேரம் ஆவியில் வேகவைப்பது. கோயிலில் படைக்கப்படுவது; தட்டிட்டலிக்குப் பழகிய நாவுக்கு முதற்கவளத்திலேயே வேறொரு பண்டம் என்று தெரிந்துவிடும்.

தென்னேரிப் பக்கத்துச் சமண வீட்டுப் பத்மாவதி நோன்பு நிறைவுக்கு உறவினரை அழைத்திருக்கிறார். அந்த விருந்துதான் காமாட்சிக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. பத்மாவதி விதித்தவற்றை அவர் விரல்விட்டுச் சொன்னார். வெங்காயம், பூண்டு கூடாது. முதல் நாள் கரைத்த மாவு கூடாது. அன்று காலையில் கரைத்துப் புளிப்புத் தயிரில் பொங்கவைத்து, கதிரவன் மறையுமுன் எல்லாரும் உண்டு முடிக்க வேண்டும். ஊர் அரவை நிலையத்தில் அரைத்தது கூடாது. அங்கே வண்டு விழுந்த தானியமும் சேர்ந்து அரைபடும்.

"இது நல்லா வந்துட்டா தையில அவங்க வீட்டுக் கல்யாணம் நமக்குத்தான் ஐயா. அங்க வர சொந்தக்காரங்க பாத்துட்டு அவங்கவங்க வீட்டுக்கும் கூப்புடுவாங்க. வரலன்னா" என்று தறிக்குழியைப் பார்த்தார், "திரும்ப அதுல எறங்க வேண்டியதுதான்."

மறுநாள் நான் கல் கடைகளைத் தேடி நடந்தேன். திருமணத்தில் மணமகள் மிதிப்பதற்கென்றே செய்த சிறிய அம்மிகள் தெருவோரம் அடுக்கியிருந்தன. நான் ஒன்றைத் தூக்க முயல்வதைக் கண்ட கடைக்காரர், "எந்த ஊரு ஐயா?" என்றார். சொன்னேன். "பிளேன்லயா எடுத்துக்கினு போவப் போறீங்க? பிளேன் கெளம்பாது. வேணும்னா குழவிய மட்டும் எடுத்துக்குங்க, கல்ல அங்க பாத்துக்கலாம்" என்றார். குழவி மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கேட்டேன். "வூட்ல பயப்படுவாங்க இல்ல?"

அவரிடமும் சில ஏந்திரங்கள் இருந்தன. மேற்கல்லை விரலால் சுழற்றிப் பார்த்தேன். மனிதன் முதலில் கண்டது அம்மியைத்தான். சாய்ந்த ஒரு கல்லும் அதன்மேல் தள்ளும் ஒரு கல்லும் உலகின் எத்தனையோ மூலைகளில் மண்ணுக்கடியிலிருந்து கிடைக்கின்றன. அம்மியில் கை போன வழியே திரும்பி வர வேண்டும். திரும்பி வரும் பாதி உழைப்பு பெரும்பாலும் வீண். மேற்கல்லின் நடுவே துளையிட்டு, கீழ்க்கல்லில் முளை நாட்டி, ஓரத்தில் ஒரு பிடியும் வைத்த அன்று கை திரும்பி வருவதை நிறுத்தியது. போய்க்கொண்டே இருந்தது. அடுக்களைக்குள் சக்கரம் நுழைந்த நாள் அது. நுழைத்தவர் யாரென்று எவரும் எழுதிவைக்கவில்லை. மாவரைத்துக் களைத்த ஒருவராக இருக்கலாம் என்பது என் துணிபு.

வீடு திரும்பியபோது காமாட்சி அரிசியையும் உளுந்தையும் புதிதாகக் கழுவித் துடைத்த தம் அரவைப் பொறியில் குருணையாக அரைத்து முடித்திருந்தார். சூடு ஆறுவதற்காக அதனை ஒரு வெண்பட்டின் மேல் பரப்பியிருந்தார். இறைவனுக்கென்று நெய்த ஆடையில் எஞ்சிய துண்டு அது; சாயம் காணாதது, யாரும் உடுத்தாதது. "பருத்தின்னா தீட்டு பாக்கணும் ஐயா, தோச்சுப் போடணும். பட்டு எப்பவும் மடி" என்றார். அந்த வீட்டிலிருந்த பொருள்களிலெல்லாம் தூயதை அவர் பத்மாவதிக்காக எடுத்திருந்தார். ஆறிய குருணையை அந்தப் பட்டிலேயே மூட்டையாகக் கட்டினார். நான் அருகிலிருந்து அதன் அழகைப் பாராட்டினேன். ஏகாம்பரம் முடிச்சை இறுக்கினார். மூவருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

விருந்து நாளன்று விடியலில் சிற்றுந்து ஒன்றில் குடலைகளும் அண்டாவுமாகப் புறப்பட்டோம். ஐயம்பேட்டையைத் தாண்டவில்லை, சக்கரம் காற்றிழந்து உட்கார்ந்துவிட்டது. மாற்றுச் சக்கரம் இருந்தது, அதிலும் காற்றில்லை. ஓட்டுநர் அதனைக் காலால் அழுத்திப் பார்த்து, "போன தடவையே சொன்னேன் மொதலாளிக்கு" என்று முதலாளி இல்லாத திசையில் சொன்னார். கடைசியில் அண்டாவும் நாங்களும் ஒரு தானிக்கு மாறினோம். குடலைகளைக் கயிற்றில் கோத்துக் கூரைமேல் கட்டினார் ஏகாம்பரம். பட்டு மூட்டை என் மடியில் வந்தது. தென்னேரியின் பெரிய ஏரி கண்ணுக்குத் தெரிந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. காமாட்சி வழிநெடுக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பத்மாவதி ஐம்பதைத் தொட்டவர். எளிய பருத்திச் சேலை, விரைந்த நடை. வாசலுக்கு வந்து எங்களை வரவேற்று, மூட்டையை வாங்கக் கைநீட்டினார். பாதியில் கை நின்றது.

"பட்டா காமாட்சி?"

"ஆமாங்கா. வெள்ளப் பட்டு. சாயம் போடாதது. சாமிக்கு நெய்ததுல மீந்தது, யாரும் கட்டல."

"தெரியுதும்மா. நீ மரியாதையாத்தான் கொண்டாந்திருக்க" என்றார் பத்மாவதி. நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்: "ஆனா அது கூட்டோட புழுவ அவிச்சு எடுத்த நூலு இல்லியா? நோன்பு இருந்தவங்க அதுல கட்டியாந்த மாவ வாயில வைக்க மாட்டாங்க. நானே வைக்க முடியாது."

காமாட்சி என் கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். உயிருக்கு ஊறு செய்யாமையைப் பற்றி வகுப்பறையில் பல்லாண்டு பேசியவன் நான். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவனும் நானே. ஏகாம்பரம் ஓரடி முன்னே வந்தார்.

"அந்த நூலுதான்கா எங்களுக்குச் சோறு போடுது" என்றார்.

"உன் தொழில நான் ஒண்ணும் சொல்லலபா. என் கல்யாணப் பொடவையே உங்க தெருவுல நெய்ததுதான். இன்னும் பீரோவுல இருக்குது. மத்த நாள்ல நான் கேக்க மாட்டேன். இன்னிக்கு முடியாதுன்றேன், அவ்வளவுதான்."

அதற்குமேல் ஏகாம்பரத்துக்குச் சினம் நிலைக்கவில்லை. "எந்தத் தெருவு அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

காமாட்சி அதற்குள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "அரிசி இருக்குதாக்கா? கழுவிக் காயவெச்சது?"

இருந்தது. நோன்பு வீட்டில் அரிசியும் உளுந்தும் ஆய்ந்து, கழுவி, உலர்த்தி வைத்திருந்தனர். உளுந்தை அவ்வீட்டு மின்னரவைச் சாடியில் அரைக்கலாம்; அரிசியை அதில் இட்டால் பாதி மாவாகிவிடும், பாதி முழுதாக நிற்கும். இந்த இட்டலிக்கு ஒரே அளவான குருணை வேண்டும். இரு பெண்களும் ஒரே நேரத்தில் கூடத்தின் மூலையைப் பார்த்தனர். அங்கேதான் இருந்தது, நான் கடல் கடந்து காண வந்த ஏந்திரம். சுவரில் ஆணியடித்து ஒரு சிறு மயிற்பீலிக் கற்றையைத் தொங்கவிட்டிருந்தார்கள். கற்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் மேற்கல்லின் ஓரத்தில் பிடி நிற்க வேண்டிய குழி வெறுமையாக இருந்தது.

"புடி ஒடஞ்சு போச்சு. நோன்புக்கெல்லாம் இப்ப மிக்சிலயே பண்ணிக்கிறோம்னு வுட்டுட்டோம்" என்றார் பத்மாவதி.

ஏகாம்பரம் தோட்டத்துக்குப் போய் ஒரு வேப்பங்கிளையோடு வந்தார். பச்சைக் கிளை, இரண்டாம் சுற்றில் நைந்தது. உலக்கை பருமன் மிகுதி. அகப்பைக் காம்பு மெலிது. அவர் கண்கள் கூடத்தைச் சுற்றி வந்து என் ஊன்றுகோலில் நின்றன.

"ஐயா, தப்பா நெனச்சுக்காதீங்க."

நான் நினைத்தது தப்பாகத்தான். அந்தக் கழியோடு எத்தனையோ ஆண்டு நடந்திருக்கிறேன். அதன் நரம்புக் கோடுகள் என் உள்ளங்கைக்குத் தெரியும். மேலும், ஏந்திரத்தை அளந்து வரைந்து போக வந்தவன் நான். பையில் அளவு நாடா இருந்தது. காமாட்சி என்னைக் கேட்கவில்லை. வாசலில் விழுந்த வெயிலை மட்டும் பார்த்தார்.

"எவ்வளவு வேணும்?" என்றேன்.

"ஒரு சாண் போதும் ஐயா. அடில எடுத்துடலாம்."

பத்மாவதியின் கொழுந்தனார் மரம் அறுக்கும் வாளொன்று கொண்டுவந்தார். பனை வைரம் எளிதில் அறுபடுவதில்லை. ஏகாம்பரம் அறுத்து, நுனியைக் கத்தியால் சீவும்போது வியர்த்து வழிந்தார். "இன்னா மரம் ஐயா இது, இரும்புல மொளைச்சதா?" என்றார். குழியில் வைத்து ஒரு கல்லால் தட்டினார். நின்றது. அறுத்த துண்டிலிருந்த இரப்பர்க் குமிழைக் கழற்றி, எஞ்சிய கழியின் அடியில் மாட்டி என்னிடம் தந்தார். ஊன்றிப் பார்த்தேன், உலகம் சற்றுத் தாழ்ந்திருந்தது.

பத்மாவதி மேற்கல்லைத் தூக்கி நிறுத்தி, மயிற்பீலியால் இரு கற்களின் முகத்தையும் மெல்லத் துடைத்தார். பொருத்தும் முன் மறுபடியும் ஒருமுறை. குழியில் ஒதுங்கிய எறும்பும் அந்துப்பூச்சியும் அரைபடக் கூடாது. என் ஐயம் தீர்ந்தது. கல்லுக்குத் தூரிகை, கல்லுக்காக இல்லை. முதற்பிடி அரிசியைத் திரித்து, கல்லின் தூசோடு அதனை முற்றத்தில் குருவிகளுக்கு எறிந்தனர். பிறகு இருவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். ஏந்திரத்துக்குக் காலை நீட்டி அமரலாம். காமாட்சியின் முழங்காலுக்கு ஏற்ற ஆசனம். ஒருவர் தள்ள, மற்றவர் இழுக்க, பனம்பிடி கை மாறிக் கை மாறிச் சுழன்றது.

"மெதுவாக்கா, மாவாயிடும்."

"நீ அரிசியக் கொஞ்சமாப் போடறியே, அதான் ஓடுது. தாராளமாப் போடு, என் வூட்டு அரிசிதானே."

அளவு நாடாவை எடுக்க எனக்கு வாய்ப்பே கிட்டவில்லை; கல் நிற்கவில்லை.

புளித்த தயிரில் கரைத்த மாவை மாடி வெயிலில் வைத்து மூடினார்கள். காமாட்சி ஏறியும் இறங்கியும் பார்த்தார். முழங்காலோடு ஏன் அலைகிறாய் என்று கடிந்த ஏகாம்பரம், அவர் இறங்கியதும் தாமே ஏறிப் பார்த்தார். முற்றத்தில் கொழுந்தனார் ஒவ்வொரு விறகையும் தரையில் தட்டித் தட்டி அடுப்பருகே அடுக்கினார். உள்ளே எறும்பிருந்தால் இறங்கிப் போகட்டும் என்று. நண்பகல் கடந்தும் மாவு அசையவில்லை. "தயிரு ஏமாத்திடுச்சு" என்று காமாட்சி சுவரில் சாய்ந்தார். பத்மாவதி மாவுச் சட்டியை வெந்நீர்த் தொட்டியின் மூடிமேல் இறக்கி வைத்தார். சிறிது நேரத்தில் மேற்பரப்பில் ஒரு குமிழி வெடித்தது, அருகே இன்னொன்று. காமாட்சி அங்கேயே நின்று எல்லாக் குமிழிகளையும் பார்த்தபின்தான் குடலைகளைக் கேட்டார்.

உறவினர் வரத் தொடங்கினர். ஏரிக்கு மேல் வெயில் மஞ்சளாயிற்று. அண்டாவின் மூடியோரம் மிளகும் மந்தாரை இலையும் கலந்த மணம் கசிந்தது. அப்பாண்டை என்றொரு முதியவர், பத்மாவதியின் சிற்றப்பா, பந்தியில் முதல் ஆளாக அமர்ந்து, "பொழுது எறங்குது பத்மா. இட்லி வருமா, இல்ல இலையப் பாத்துட்டு எழுந்துக்கறதா?" என்றார்.

"வருது சித்தப்பா. இலை எங்கியும் ஓடாது."

முதற் குடலையைக் கவிழ்த்தார்கள். தூண் போல் நின்றது இட்டலி. கத்தி பட்டால் உதிரும். நூலைச் சுற்றி இழுத்துத்தான் வட்டங்களாக அறுக்க வேண்டும். எல்லாரும் பார்த்திருக்க, ஏகாம்பரம் வழக்கப்படி சட்டைப்பையில் கைவிட்டு ஓர் இழையை உருவினார். நெசவாளர் பையில் வேறென்ன நூல் இருக்கும்? மாலை வெயிலில் அது மின்னியது.

காமாட்சி அவர் கையைப் பார்த்தார். பத்மாவதியும் பார்த்தார். ஏகாம்பரம் இழையைச் சுருட்டிப் பைக்குள் போட்டு, பையின் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

முதலில் சிரித்தவர் பத்மாவதி. அடக்க முயன்று முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தறிக்காரன எங்க வுட்டாலும் தறிதான்" என்று சொல்லி, வாழைநார் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார். காமாட்சிதான் அறுத்தார். துண்டுகள் சரியாமல் இலையில் விழுந்தன.

அப்பாண்டை ஒரு விள்ளலை வாயிலிட்டார். மென்றார். "மொளகு தூக்கலா இருக்குது" என்றார். காமாட்சியின் கையில் வாழைநார் அப்படியே நின்றது. "இன்னும் ரெண்டு போடு" என்றார் அவர்.

வெளிச்சம் இருக்கும்போதே பந்தி முடிந்தது. பத்மாவதி கடைசியில் அமர்ந்து, வாசல் வழியே சிவந்த வானத்தைப் பார்த்தவாறு உண்டார். கை கழுவிவிட்டுக் காமாட்சியிடம் வந்தார். "தையில கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு. ஏந்தரம் இங்கதான் இருக்குது. நீ அந்தப் பக்கம் உக்காரு, நான் இந்தப் பக்கம்." பிறகு என்னைப் பார்த்து, "ஐயா கொம்புதான் கொறஞ்சு போச்சு" என்றார். "அது இருக்கட்டும் பிள்ளை" என்றேன். ஐம்பது வயதில் தம்மையும் பிள்ளையாக்கியதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

பட்டில் கட்டிய குருணை எங்களோடு காஞ்சிபுரம் திரும்பியது. மறுநாள் காலை அதுவே எங்கள் சிற்றுண்டி. ஏகாம்பரம் பட்டிழையாலேயே அறுத்தார், யாரும் தடுக்கவில்லை. நான் உண்டுகொண்டிருக்கையில் காமாட்சியின் கைப்பேசி ஒலித்தது. அப்பாண்டையின் மருமகள். தம் வீட்டு விழாவுக்கும் வர இயலுமா என்று கேட்டார். காமாட்சி பதில் சொல்லும்போது தறிக்குழியின் விளிம்பில் அமர்ந்து காலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும் நாளில், வானூர்தி நிலையத்தில் பொருள்களைச் சோதிக்கும் காவலர் என் ஊன்றுகோலைச் சோதனைப் பொறியில் செலுத்தி எடுத்து, உயரத்தை என்னோடு ஒப்பிட்டார். நான் அதன்மேல் வளைந்து நின்றிருந்தேன்.

"இன்னா சார், உங்களுக்குச் சின்னதா இருக்குது? மீதி எங்க?"

"தென்னேரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது" என்றேன்.